கவிழ்ந்தாலும் கூப்பிடணும்: ஒரு பைபர் வள்ளத்துக்குக் கருவிகள் பொருத்திய பதிவு

மாமாவின் வள்ளம் 32 அடி பைபர். பின்பக்கம் கயிறு இழுத்துக் கிளப்பும் மண்ணெண்ணெய் அவுட்போர்டு இரண்டு. குமரி மாவட்டத்து முட்டம் பக்கத்துக் கரையிலிருந்து கிளம்பி, தூண்டிலுக்கோ வலைக்கோ சில சமயம் 40 கடல் மைல் வரை போவார்கள். ஓர் இரவு கடலில் தங்குவதும் உண்டு. இதுவரை வள்ளத்தில் இருந்தவை ஒரு பழைய கைப்பிடி ஜிபிஎஸ், ஆளுக்கொரு செல்போன், ஒரு காந்தத் திசைகாட்டி. பைபர் ஒட்டு வேலைக்காக வள்ளத்தைக் கரையில் ஏற்றியபோது, "மருமவனே, இந்தத் தடவை எல்லாத்தையும் நல்லதாப் போட்டிருவோம்" என்றார். அவர் மனதில் இருந்தது பத்து அங்குலத் திரை வைத்த மீன் காட்டும் கருவி. காசு மொத்தமும் அதற்கே போய்விடும்.

நான் கேட்ட கேள்வி வேறு. வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது, கரை தெரியவில்லை, அப்போது எந்தக் கருவி வேலை செய்யும்? நம்மை யார் கேட்பார்கள்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களிடம் ஜிபிஎஸ் இல்லாமல் இல்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. கரையிலிருந்து எச்சரிக்கை அவர்களை எட்ட வழியில்லை, அவர்கள் கூப்பிட்டது கரைக்கு எட்டவும் வழியில்லை. அதனால் வரிசையை மாற்றினோம். முதலில் கூப்பிடும் கருவி, அப்புறம் அதற்குக் கரண்ட், அப்புறம்தான் திரை.

ரேடியோ

முதல் செலவு விஎச்எஃப் கடல் ரேடியோவுக்கு. செல்போன் கோபுரம் கரையைப் பார்த்து வைத்தது, கடலுக்குள் கொஞ்ச தூரம் போனதுமே சிக்னல் போய்விடும். விஎச்எஃப்பில் பக்கத்தில் இருக்கிற எல்லா வள்ளமும் கப்பலும் ஒரே நேரத்தில் நம் குரலைக் கேட்கும். கடலில் முதலில் வந்து தூக்குகிறவர் பெரும்பாலும் பக்கத்து வள்ளக்காரர்தான், ஹெலிகாப்டர் அதற்கு அப்புறம் வரும்.

எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை வாட்டை விட ஆன்டெனாவின் உயரமே அதிகம் முடிவு செய்கிறது. கணக்கு எளிது: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்கினால் கடல் மைலில் தூரம் வரும். எதிர்ப்பக்க ஆன்டெனாவுக்கும் இதே போல் கணக்கிட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். கையில் பிடிக்கிற செட் ஒன்றரை மீட்டர் உயரம், எதிரிலும் அதேதான் என்றால் ஐந்தரை மைலுக்கு மேல் போகாது. மூன்று மீட்டர் குழாய் மேல் ஆன்டெனா வைத்த இரண்டு வள்ளங்கள் ஏழரை மைல் பேசலாம். எதிரில் 25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த கப்பல் என்றால் ஏறக்குறைய 15 மைல். அதனால் 25 வாட் நிலையான செட்டோடு, பின்பக்கம் துருப்பிடிக்காத குழாய் ஒன்றையும் மூன்று மீட்டருக்கு நிறுத்தினோம். ஆன்டெனாவில் 6 டெசிபெல் என்று எழுதியதுதான் உசத்தி என்று கடையில் சொல்வார்கள். அது அலையைத் தட்டையாகக் குவித்து அனுப்பும். நம் வள்ளம் ஆடுகிற ஆட்டத்தில் பாதி நேரம் வானத்துக்கும் பாதி நேரம் தண்ணீருக்கும் பேசிக்கொண்டிருக்கும். சிறு வள்ளத்துக்கு 3 டெசிபெல் போதும்.

ஆன்டெனா கேபிளில் பலர் காசு மிச்சம் பிடிப்பார்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் ஆறு மீட்டர் ஓடினாலே அனுப்பும் சக்தியில் கால்வாசி வழியிலேயே போய்விடும். நாங்கள் தடித்த ஆர்ஜி-213 இழுத்தோம். வளைக்கச் சிரமம்தான். பிஎல்-259 முனையைச் சாலிடர் வைத்துப் பொருத்தி, அதன் மேல் பசையுள்ள சுருங்கும் குழாய் போட்டு, வெளியே தானாக ஒட்டும் ரப்பர் டேப் சுற்றினோம். உப்புத் தண்ணீர் கேபிளின் பின்னலுக்குள் ஒரு முறை ஏறினால் கேபிளையே மாற்ற வேண்டும், முனையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இதோடு தண்ணீரில் மிதக்கிற 5 வாட் கை செட் ஒன்றும் வாங்கினோம். நிலையான செட் வள்ளத்தின் பேட்டரியை நம்பி இருப்பது. வள்ளம் கவிழ்ந்தால் அதற்கு வேலை முடிந்தது. கை செட் அப்போதும் பேசும்.

சிவப்பு மூடிக்குள் இருக்கும் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. அது டிஎஸ்சி. ஐந்து நொடி போல அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் நம் அடையாள எண்ணும் இருக்குமிடமும் தானாகப் போகும், கேட்கிற செட்டுகள் எல்லாம் அலறும். ஆனால் உள்ளே எம்எம்எஸ்ஐ என்கிற ஒன்பது இலக்க எண் பதிந்திருக்க வேண்டும், ஜிபிஎஸ்ஸும் இணைந்திருக்க வேண்டும். இந்தியப் படகுகளின் எண் 419 என்று தொடங்கும். உரிமம் எடுத்து முறையாகத்தான் இந்த எண்ணை வாங்க வேண்டும். வேறு வள்ளத்தின் எண்ணைப் போட்டால் தேடுகிறவர்கள் அந்த வள்ளத்தைத் தேடுவார்கள். பல செட்டுகளில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் எண்ணை மாற்றவும் விடாது. எண் கையில் வரும் வரை அந்த இடத்தை காலியாகவே விட்டோம். அதுவரை 16ஆம் சேனலில் வாயால் கூப்பிடலாம்.

ரேடியோவுக்கு அப்பால்

நாற்பது மைல் வெளியே, சுற்றிலும் ஒரு வள்ளமும் இல்லையென்றால் விஎச்எஃப்பை யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே செயற்கைக்கோள்தான்.

வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் கையடக்கச் செயற்கைக்கோள் மெசஞ்சர்களைப் புகழ்வார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் மச்சினன் ஒன்று வாங்கி அனுப்பவும் தயாராக இருந்தான். வேண்டாம் என்றேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். நமக்கென்று இருக்கிற வழிகள் வேறு.

ஒன்று இஸ்ரோவின் டாட் என்கிற அபாய அறிவிப்புக் கருவி. 2010லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் இருக்குமிடத்தோடு செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். பழையதில் ஒரு குறை: செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. தண்ணீரில் கிடக்கிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வரும்.

இன்னொன்று பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வரும் டிரான்ஸ்பாண்டர். ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்துவதாக 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்கள். இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி போகும். வானிலை எச்சரிக்கை வரும், கடல் எல்லைக்குப் பக்கத்தில் போனால் அதுவும் சொல்லும். ஒக்கியில் இல்லாமல் போனது இந்த 'கரையிலிருந்து கடலுக்கு' வழிதான். 2019இல் வந்த ஜெமினி கருவியும் எச்சரிக்கை தரும், ஆனால் அது ஒருவழி. அதில் கேட்கலாம், கூப்பிட முடியாது.

மூன்றாவது ஈபிர்ப். 406 மெகாஹெர்ட்ஸில் உலகம் முழுக்கச் செயற்கைக்கோள்கள் கேட்கிற கருவி, ஒரு தடவை கிளப்பினால் 48 மணி நேரம் கத்தும். இதில் எதைத் தேர்வது என்பதைவிட எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்கு அதிக நேரம் போனது.

கப்பல்களுக்கான ஈபிர்ப் ஒரு பெட்டிக்குள் இருக்கும். கப்பல் மூழ்கும்போது தண்ணீர் அழுத்தத்தில் பூட்டு அறுந்து கருவி மேலே மிதந்து வரும். பார்க்கும்போது இதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் அந்தப் பூட்டு அறுவது ஒன்றரை மீட்டர் முதல் நான்கு மீட்டர் ஆழத்துக்குள். பைபர் வள்ளம் மூழ்குவதில்லை. உள்ளே இருக்கிற ஃபோமால் தலைகீழாகக் கவிழ்ந்து அப்படியே மிதக்கும். கருவி அரை மீட்டர், ஒரு மீட்டர் தண்ணீருக்கு அடியில் பெட்டிக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். பூட்டு அறுகிற ஆழமும் வராது, சிக்னல் வெளியே வருகிற வழியும் இருக்காது. டாட் கருவியைக் கூரைக் கம்பத்தில் முறுக்கி வைத்தாலும் கதி அதேதான்.

அதனால் கையால் எடுக்கிற தாங்கி உள்ள மாதிரியைத் தேர்ந்தோம். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர் ஒரு முழுக்குப் போட்டுக் கை நீட்டினால் எட்டும்படி பின்பக்கப் பலகையின் உள்விளிம்பில் வைத்தோம். கை செட், டார்ச், புகை சிக்னல் இவற்றைச் செல்போன் நனையாமல் வைக்கிற நீல நிற வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய நூலால் பக்கத்திலேயே கட்டினோம். கவிழ்ந்தால் டப்பா தானே மிதந்து வெளியே வரவேண்டும். கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் அதை மட்டும் அமிழ்த்திப் பார்த்தோம், வந்தது. டாட் வந்தால் அதற்கும் இதே இடம்தான் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கரண்ட்

கயிறு இழுக்கிற இன்ஜினில் பேட்டரி சார்ஜ் ஆகிற ஏற்பாடு கிடையாது. அதனால் கருவி வாங்குவதற்கு முன்னால் கணக்குப் போட வேண்டும். திரை ஒரு ஆம்பியர், ரேடியோ கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அரை ஆம்பியர், எல்இடி விளக்குகள் அரை ஆம்பியர். மொத்தம் இரண்டு. ஒரு நாள் முழுக்க ஓடினால் 48 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும், ஆக 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. நிழல்கூரை மேல் 100 வாட் சோலார் பலகை. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 25 ஆம்பியர்-மணியாவது திருப்பித் தரும். மழைக்காலத்தில் தராது, அப்போது கரையில் சார்ஜ் போட்டுத்தான் போக வேண்டும்.

வயரிங்கில் ஒரு விஷயம் எலெக்ட்ரீசியன்களுக்கே பிடிபடுவதில்லை. வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது உயிர் போகிற விஷயம். பேட்டரியிலிருந்து ரேடியோ வரை போக வர 12 மீட்டர். வீட்டு விளக்குக்குப் போடுகிற 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், பேசப் பொத்தானை அழுத்தும்போது ஓடுகிற ஐந்தரை ஆம்பியரில் 0.8 வோல்ட் வயரிலேயே போய்விடும். விடிகாலையில் பேட்டரி 11.8இல் இருந்தால் செட்டுக்குக் கிடைப்பது 11. கேட்கும்போது நன்றாகவே இருக்கும், கூப்பிட அழுத்தினால் அணைந்து எரியும். 6 சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போட்டோம். இழப்பு 0.2 வோல்ட்டாக இறங்கியது. ரேடியோவுக்குத் தனி ஃபியூஸ், நேராகப் பேட்டரியிலிருந்து. விளக்கு ஷார்ட் ஆனாலும் ரேடியோ நிற்கக்கூடாது.

விளக்கு என்றதும் இன்னொன்று. விலை மலிந்த எல்இடி விளக்குகள் ரேடியோவைச் செவிடாக்கும். சோதிப்பது சுலபம்: ரேடியோவில் இரைச்சலை அடக்குகிற ஸ்குவெல்ச் திருகை இரைச்சல் அடங்குகிற புள்ளியில் நிறுத்திவிட்டு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். போட்டதும் இரைச்சல் திரும்பினால் அந்த விளக்கு ஆகாது. எங்கள் பச்சை விளக்கு தேறியது, மேல் வெள்ளை விளக்கு தேறவில்லை. வேறு வாங்கினோம்.

திரை

கடைசியில் மிச்சமான காசில் ஏழு அங்குலத் திரை. மாமாவுக்கு முகம் சுருங்கியது, ஆனால் தொடுதிரை வேண்டாம் என்று சொன்னதும் அவரே தலையாட்டினார். மீன் வழுவழுப்பும் உப்புத் தண்ணீரும் படிந்த விரலைத் தொடுதிரை மதிக்காது. தடித்த பொத்தான் உள்ளது எடுத்தோம்.

ஆழம் பார்க்கும் ஒலிக்கருவி 50, 200 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் உள்ளது. குமரி முனைக்குத் தெற்கே கடலுக்குள் இருக்கிற வெட்ஜ் கரைப் பக்கம் பாறையில் மீன் தேட 200 போதும், தெளிவாகக் காட்டும். இன்னும் ஆழத்துக்கு 50. படகின் பின்பலகையில் வெளியே தொங்குகிற மாதிரிதான் பெட்டியோடு வந்தது. அது துறைமுகத்தில் கட்டுகிற படகுக்குச் சரி. நம் வள்ளம் தினமும் மணலில் ஏறி இறங்குவது, ஒரு வாரம் தாங்காது. அதனால் வள்ளத்தின் உள்ளேயிருந்தே அடிப்பலகை வழியாக ஒலி அனுப்புகிற வகைக்கு மாற்றிக் கேட்டோம். இது திடமான பைபரில்தான் வேலை செய்யும். நடுவில் ஃபோமோ மரமோ வைத்து ஒட்டிய அடிப்பலகையில் ஒலி செத்துவிடும். ஒட்டுவதற்கு முன் வள்ளத்தை மிதக்கவிட்டு, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கருவியை அதில் அழுத்திப் பிடித்துப் பல இடங்களில் ஆழம் பார்த்தோம். ஈயக்குண்டுக் கயிற்றின் அளவோடு ஒத்துப்போன இடத்தில் குறி வைத்து, காற்றுக் குமிழி சிக்காமல் எப்பாக்ஸியில் ஒட்டினோம். ஆழத்தை மீட்டரிலிருந்து பாகத்துக்கு (இரண்டு கையையும் விரித்த நீளம்) மாற்றி வைத்தேன். மாமா 'முப்பது பாகம்' என்று யோசிக்கிறவர், அவரை மீட்டருக்கு மாற்றுவதைவிட இயந்திரத்தை மாற்றுவது எளிது.

அவருடைய பழைய ஜிபிஎஸ்ஸில் இருந்த பாறைக் குறிகளை ஏற்றுவதுதான் பெரிய வேலை. கரையிலிருக்கும் மலையையும் கோபுரத்தையும் நேர் வைத்துக் கணியம் பார்த்து அவருடைய அப்பா கண்டுபிடித்த பாறைகள் அதில் இருக்கின்றன. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது யாரும் எட்டிப் பார்க்காமல் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தார். பழைய கருவியில் டிகிரி, நிமிடம், நொடி. புதியதில் டிகிரி, தசம நிமிடம். 77 டிகிரி 18 நிமிடம் 30 நொடியைப் பார்த்து 18.30 என்று ஏற்றினால் ஏறக்குறைய 370 மீட்டர் தள்ளிப் போகும். பாறை கிடைக்காது என்பது ஒரு பக்கம். ரேடியோவில் இப்படித் தப்பாகப் படித்துச் சொன்னால் தேடி வருகிறவர் இரவில் நம்மைத் தாண்டிப் போய்விடுவார். எல்லாக் கருவியையும், செல்போன்களையும்கூட, தசம நிமிடத்துக்கே மாற்றினோம்.

கப்பல்களுக்கு நாம் தெரிவது தனிப் பிரச்சினை. குமரி முனையைச் சுற்றித்தான் பெரிய கப்பல்களின் பாதை. 2018 ஆகஸ்டில் கேரளாவின் முனம்பத்துக்கு வெளியே கப்பல் மோதிய படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டத்துக்காரர்கள். 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வருகிற கப்பல் ஒரு மைலை நான்கு நிமிடத்தில் கடந்துவிடும். கப்பல்கள் தங்கள் பெயரையும் இருக்குமிடத்தையும் தானாக ரேடியோவில் அறிவிக்கும் ஏற்பாடு ஏஐஎஸ். நாங்கள் எடுத்த ரேடியோவிலேயே அதைக் கேட்கும் வசதி இருப்பதால் வருகிற கப்பலின் பெயரும் திசையும் திரையில் தெரியும். நம்மை அவர்களுக்குக் காட்டுகிற ஏஐஎஸ் அனுப்பிக்கு அந்த எம்எம்எஸ்ஐ எண் வரட்டும் என்று காத்திருக்கிறோம். "நம்ம பாறை எல்லாருக்கும் தெரிஞ்சு போவுமே" என்பது மாமாவின் கவலை. நியாயமான கவலைதான். பகலில் அணைத்துக்கொள்ளுங்கள், இரவில் போடுங்கள் என்று பேசி முடித்தோம். அதுவரைக்கும் அலுமினியத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிய ரேடார் பிரதிபலிப்பான் ஒன்றைக் குழாய் உச்சியில் கட்டியிருக்கிறோம். பைபர் ரேடார் அலையை அவ்வளவாகத் திருப்பி அனுப்பாது, இந்தத் தகடு அனுப்பும். கரண்ட் வேண்டாம், விலையும் சொற்பம். இதை மட்டுமாவது எல்லோரும் கட்டலாம்.

பழைய காந்தத் திசைகாட்டியைக் கழற்றவில்லை. ரேடியோ ஸ்பீக்கரில் காந்தம் இருக்கும், அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டர் விட்டு வைத்தோம். எல்லாவற்றையும் போட்டு அணைத்து முள் நகர்கிறதா என்று பார்த்த பிறகே திருகுகளை இறுக்கினோம்.

ரேடியோவுக்குப் பக்கத்தில் பெயிண்டில் தமிழில் எழுதியிருக்கிறது: சேனல் 16, மேடே (உயிர் ஆபத்து என்று கூப்பிடும் சொல்) மூன்று தடவை, வள்ளத்தின் பெயர், இருக்குமிடம், ஆள் எத்தனை, என்ன ஆபத்து. கீழே கடலோரக் காவல்படையின் போன் எண் 1554. வள்ளத்தில் வருகிற ஒவ்வொருவரையும் சத்தமாக ஒரு முறை வாசிக்க வைத்தோம். மாமா மட்டும் தெரிந்து வைத்திருந்தால், அவர் தண்ணீரில் விழும் நாளில் அந்தச் செட் வெறும் பெட்டி.

ஈபிர்ப்பைப் பெங்களூரில் உள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையத்தில் பதிய வேண்டும். சிக்னல் வந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பதிவில் இருக்கும் அவசரத் தொடர்பு எண்ணைத்தான். மாமா தன் செல் நம்பரையே எழுதிக் கொடுத்திருந்தார், இரண்டாவதாகத் தம்பியின் எண். தம்பியும் அதே வள்ளத்தில் போகிறவர். இரண்டையும் அடித்துவிட்டு அத்தையின் எண்ணையும், கரையில் ஏலம் எடுக்கிற அண்ணனின் எண்ணையும் போட்டோம். இரண்டு பேரிடமும் போய், பெங்களூரிலிருந்து போன் வந்தால் லோன் தருகிறவன் என்று நினைத்துக் கட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.